சஹனில் நாலாவது ஆள்

காஜா பெராங், மலாக்கா
12 ஜூன் 1957

நானாவுக்கு,

எங்கள் வீட்டை எங்களைக் கேட்காமலே அந்நியருக்குக் கொடுத்துவிட்டீர்கள். இதை எழுதிய பிறகுதான் ஸலாம் எழுதக் கை வருகிறது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மா, நான், உங்கள் மச்சான், பிள்ளை நால்வரும் சுகம். உம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. நீங்களும் அஸ்மா மச்சியும் சுகந்தானே?

நேற்று கோலாலம்பூரிலிருந்து தட்டச்சுக் கடிதம் ஒன்று வந்தது. 'நல்லெண்ண விருந்தினர் சங்கம்' என்று தலைப்பு. வெளிநாட்டு விருந்தினர் ஒருவரை மூன்று நாள் வீட்டில் தங்கவைக்க மனமுவந்து முன்வந்ததற்கு எங்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். யார் மனமுவந்தது? கடிதத்தின் கீழே கௌரவச் செயலாளர் என்று உங்கள் கையெழுத்துதான் இருக்கிறது. மச்சான் ரொட்டி சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, நான் படித்துக் காட்டியதைக் கேட்டு, "நாம எப்ப முன்வந்தோம் நஜ்மா?" என்றார்.

கூடவே விதிமுறைத் தாள். விருந்தினருக்கு மேசை, நாற்காலி, முள்கரண்டி வேண்டும். நம் வீட்டில் நாற்காலி இரண்டு, அதில் ஒன்றுக்குக் கால் மூன்று. கொதித்து ஆறிய தண்ணீர் வேண்டும். சம்பளம், வேலைநிறுத்தம், அவசரகாலச் சட்டம் பற்றிப் பேச்சு வளர்க்கக் கூடாது. சங்கத்தின் அனுமதியில்லாமல் வெளியாரை விருந்துக்கு அழைக்கக் கூடாது. அப்படியானால் அந்த மனிதரோடு எதைப் பேசுவது? மழையைப் பற்றியா?

கடற்கரைப் பக்கம் எத்தனை பங்களா இருக்கிறது. சீன முதலாளிகளான தவ்க்கேமாரின் வீடுகளில் விருந்தினருக்கென்றே அறை பூட்டிக் கிடக்கிறது. எங்கள் சாக்கடைக்கு மூடிகூட இல்லை. ஏன் எங்களைப் பிடித்தீர்கள்? நேராக எழுதுங்கள்.

உம்மா உங்களுக்கு துஆ சொல்லச் சொன்னார்கள்.

தங்கை,
நஜ்முன்னிசா


கோலாலம்பூர்
20 ஜூன் 1957

அன்புத் தங்கை நஜ்மாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நாங்கள் இருவரும் நலம். உன் கடிதத்தை அஸ்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மூன்று கால் நாற்காலிக்கு அவள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

கேட்காமல் செய்தது தப்புதான். கேட்டால் நீ மறுப்பாய் என்று தெரிந்தே கேட்கவில்லை. பங்களாவில் தங்குகிறவன் பங்களாவைத்தான் பார்ப்பான், அது அவன் ஊரிலும் இருக்கிறது. ஆகஸ்டு முடிவில் இந்த நாடு நம் கைக்கு வருகிறது. அந்த நாடு எப்படிப்பட்டது என்று வெளியே போய்ச் சொல்ல மந்திரிகள் மட்டும் போதுமா? ரொட்டி விற்கிற ஒரு மனிதர் தன் வீட்டுச் சோற்றைப் பங்கு போட்டுக் கொடுத்தார் என்று ஒரு வெள்ளைக்காரன் தன் ஊரில் போய்ச் சொல்லட்டும். பத்துக் கொடியேற்றத்துக்கு அது சமம். சங்கத்தில் பெரிய மனிதர்கள் எத்தனையோ வீட்டைச் சொன்னார்கள். நான்தான் பிடிவாதமாக உன் வீட்டைச் சொன்னேன்.

இன்னொன்று, இதை மச்சானிடம் சொல். நீயும் நானும் மலாக்காவில் பிறந்தவர்கள், நமக்குக் கவலை இல்லை. மச்சான் நாகூரில் பிறந்தவர். சுதந்திரம் வந்த ஒரு வருடத்துக்குள் மனுப் போட்டால் மலாய்ப் பரீட்சை இல்லாமலே குடியுரிமை கிடைக்கும். விட்டுவிட்டால் அவர் இங்கே என்றும் வந்தேறிதான். மனுவுக்கு நற்சான்றுக் கையெழுத்து இரண்டு வேண்டும். ஒன்று பேக்கரி முதலாளியுடையது. மற்றது என்னுடையது. வெளிநாட்டு விருந்தினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் என்று அதில் எழுதினால் அந்த மனுவை யார் தள்ளுவார்?

வருகிறவர் நார்வே நாட்டுப் பள்ளி ஆசிரியர், ஹல்வர்சன் என்று பெயர். மொழிபெயர்க்க நானே கூட வருகிறேன். பயப்படாதே.

உம்மாவின் காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

பிரியமுள்ள,
ஷரீஃபுதீன்


காஜா பெராங்
18 ஆகஸ்டு 1957

அன்பு நானாவுக்கு ஸலாம். எல்லோரும் சுகம். தைலம் வந்தது. உம்மா தேய்த்துக்கொள்கிறார்கள், வாசனை நன்றாக இருக்கிறதாம். வலி போனதா என்று கேட்டால் மறுபடியும் வாசனையைச் சொல்கிறார்கள்.

சங்கத்தின் ஊர்க் கமிட்டியிலிருந்து இரண்டு பெண்கள் மோட்டார் காடியில் வந்து வீட்டைப் பார்த்தார்கள். ஒருத்தி அடுப்படியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இதுவும் ஒரு அழகுதான்" என்றாள். மறுநாள் ஆட்கள் வந்து சுண்ணாம்பு அடித்தார்கள். விருந்தினரின் காடி வருகிற பக்கத்துச் சுவருக்கு மட்டும். சாக்கடைக்கும் நம் வாசல் வரையில்தான் பலகை போட்டார்கள். அடுத்த வீட்டு ராமச்சந்திரன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "அக்கா, என் பக்கம் நாறினால் விருந்தாளிக்குத் தெரியாதா?" என்று மலாயில் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது.

ஆனாலும் மச்சானுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. பத்தொன்பது வருடம் இந்த ஊர் வாசல்களில் மணியடித்து ரொட்டி கொடுத்தவர், ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கை இடித்து ரொட்டி சுட்டுக் கொடுத்தவர். "இனிமே யாரும் என்னைப் பாத்து எப்ப ஊருக்குப் போறேன்னு கேக்க மாட்டாங்க" என்கிறார். மனுத்தாளை வாங்கிவந்து அல்மாரியில் குர்ஆனுக்குக் கீழே வைத்திருக்கிறார். அதைப் பார்த்துத்தான் நானும் ஒத்துக்கொண்டேன். உங்கள் பத்துக் கொடியேற்றத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நாற்காலிக்கு நாலாவது கால் போட்டாயிற்று.

நஜ்மா


காஜா பெராங்
25 செப்டம்பர் 1957

அன்பு நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். சங்கத்துக்கு அறிக்கை வேண்டும், நடந்ததை நடந்தபடி எழுது, மொழிபெயர்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்று பஸ் ஏறும்போது சொன்னீர்கள். எழுதியிருக்கிறேன். சங்கத்தார் படிப்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் விவரமாக எழுதுகிறேன்.

திரு. ஹல்வர்சன் வியாழன் மாலை வந்தார். கட்டில் அவருக்குக் குட்டை. பாயில் படுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பகல் சாப்பாடு. நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும் தால்ச்சாவும் ஆக்கியிருந்தேன். கமிட்டி கொடுத்த மேசைமேல் முள்கரண்டி வைத்திருந்தோம். அவர் மேசையைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். "நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்றார். நீங்கள் பாயைக் காட்டினீர்கள். அவர் உடனே கீழே உட்கார்ந்து அந்த நீளக் கால்களை மடக்கப் பாடுபட்டார்.

எங்கள் வழக்கத்தில் விருந்துச் சோற்றைச் சஹன் என்ற பெரிய தட்டில் குவித்து, நடுவில் இறைச்சி வைத்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். நாலு பேர் சேராமல் சஹனில் கை வைப்பது குறை. அன்றைக்கு இருந்தது விருந்தினர், நீங்கள், மச்சான், மூன்று பேர்.

மச்சான், "ஒரு ஆளு குறையுதே. பள்ளிவாசல்லேர்ந்து யாரையாச்சும் கூட்டியாரட்டா?" என்றார்.

"பள்ளிக்கு ஏன் மச்சான் போவணும்? வேலிக்கு அந்தப் பக்கம் நம்ம ராமச்சந்திரன் இருக்கான்" என்றீர்கள்.

"வேணாம் மச்சான். அவரு உள்ள இருந்துட்டு வந்தவரு. சங்கத்துத் தாளுலயும் வெளியாளு கூடாதுன்னு போட்டிருக்கே."

"அந்தத் தாளை அடிச்சவனே நான்தான்!" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் வேலியருகே நின்று, "ராம்! மாரி மாக்கான்!" என்று சாப்பிடக் கூப்பிட்டீர்கள்.

ராமச்சந்திரன் பிள்ளை மலாக்காச் சிட்டி. பரம்பரையாக இந்த ஊர்க்காரர், கும்பிடுவது கோயிலில், பேசுவது மலாய். உங்களோடு ஒன்றாகப் பந்து விளையாடியவர். புக்கிட் ரம்பாயில் கித்தா என்கிற ரப்பர்க் கிடங்கில் எடை போடுகிறார். தொழிற்சங்கக்காரர் என்று 1949இல் எட்டு மாதம் விசாரணையில்லாமல் சிறையில் வைத்திருந்து பிறகு விட்டார்கள். "ஆடுதானே?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

விருந்தினர் பழக்கமில்லாமல் உங்கள் பக்கமிருந்த இறைச்சிக்குக் கை நீட்டினார். ராமச்சந்திரன், "வெள்ளைக்காரத் துவானிடம் சொல்லு. சஹனில் அவனவன் முன்னால் இருப்பதைத்தான் தின்ன வேண்டும். அடுத்தவன் பக்கம் கை போனால் அதற்குப் பெயர் காலனி" என்றார். நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னீர்கள். விருந்தினருக்குப் புரையேறிவிட்டது. அதிகம் சிரித்தது நீங்கள்தான்.

"இப்போது அது முடிந்துவிட்டதல்லவா?" என்று அவர் கேட்டார். ராமச்சந்திரன் சொன்னது இது. "சுதந்திர நாளுக்கு லீவு கொடுத்தார்கள். லீவு நாளுக்குக் கூலி கொடுக்கவில்லை. திங்கட்கிழமை கிடங்கு திறந்தது. அதே துரை, அதே தராசு." அதையும் நீங்கள் சொன்னீர்கள். விருந்தினர் இடது கையால் நோட்டில் எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை அவரே சைக்கிளை மிதித்து மச்சானோடு செமாபோக் வரை ரொட்டி விற்றார். அன்றைக்கு ரொட்டி போதவில்லை. போகும்போது உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். உம்மா தமிழில் பதில் சொன்னார்கள். இருவருக்கும் புரிந்த மாதிரிதான் இருந்தது.

அறிக்கை முடிந்தது. உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஜூனில் எழுதிய கோபத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் செய்தது சரி.

மனுத்தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

நஜ்மா


கோலாலம்பூர்
9 அக்டோபர் 1957

அன்பு நஜ்மா,

ஸலாம். நலம். மனுவில் கையெழுத்துப் போட்டு, மச்சானின் நடத்தை பற்றி அரைப் பக்கம் எழுதி, நானே பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன். இனி அது நடந்த மாதிரிதான்.

உன் அறிக்கை அழகு. சங்கத்துக்கு ஏற்றபடி சற்றுச் சுருக்கியிருக்கிறேன். சாப்பாட்டையும் சைக்கிளையும் வைத்துக்கொண்டேன். தலைவர் படித்துவிட்டுத் தட்டிக்கொடுத்தார். திரு. ஹல்வர்சனின் ஊர்ச் சங்கம் நம்மில் ஒருவரை நாலு மாதம் விருந்தினராக அழைக்கிறது. என் பெயர் பேச்சில் இருக்கிறது. இப்போதைக்கு யாரிடமும் சொல்லாதே.

பிள்ளைக்கு முத்தம்.

ஷரீஃபுதீன்


காஜா பெராங்
28 நவம்பர் 1957

அன்பு நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லையே? போன மாதம் இரண்டு கடிதம் போட்டேன். பதில் காணவில்லை.

மச்சானை மனு விஷயமாக நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். ஜும்ஆவுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். பிறந்த ஊர், வந்த வருடம் என்று கேட்பார்கள் என்று நினைத்தார். அதைக் கேட்கவே இல்லை. மேசைமேல் வெளிநாட்டுப் பத்திரிகைத் துணுக்கு ஒன்றும் தட்டச்சு செய்த தாள்களும் இருந்தனவாம். ராமச்சந்திரனை எத்தனை வருடமாகத் தெரியும், வீட்டுக்கு யார் யார் வந்துபோகிறார்கள் என்று கேள்வி. கடைசியில், "சங்க விருந்துக்கு அந்த ஆளை அழைத்தது யார்? நீயா?" என்று கேட்டார் அதிகாரி.

மச்சான், "ஆமா. என் வீட்டுச் சஹன்ல உக்காந்தவரு என் விருந்தாளி" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க? கூப்பிட்டது நானாதானே?" என்றேன்.

"உங்க நானா சர்க்கார் உத்தியோகம் பாக்குறவரு. நான் ரொட்டிக்காரன். என்னை என்ன பண்ணிடுவாங்க?" என்றார்.

அந்தத் துணுக்கு என்ன என்று எனக்குப் போன வாரமே தெரியும். ஹல்வர்சன் தன் ஊர்ப் பத்திரிகையில் எழுதியதை எங்களுக்கும் அனுப்பியிருந்தார், ஓரத்தில் ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதி. காலனி, தராசு, கூலி எல்லாம் அச்சில் இருக்கிறது. பெருமையாக இருந்தது, சுவரில் ஒட்டலாமா என்று நினைத்தேன். என்ன முட்டாள்.

நானா, உங்களுக்கு அங்கே ஏதாவது தெரியுமா? மனுவுக்கு ஆபத்தா? உடனே எழுதுங்கள்.

நஜ்மா


காஜா பெராங்
1 டிசம்பர் 1957

மதிப்புக்குரிய மச்சானுக்கு ஹாஜா ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். தாங்களும் வீட்டாரும் சுகமாயிருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன்.

நஜ்மா பயந்துபோய் உங்களுக்கு எழுதிவிட்டாள். நீங்கள் மனதை அலட்டிக்கொள்ள வேண்டாம். உங்கள் பெயரை நான் எந்த இடத்திலும் எடுக்கவில்லை. வேலிக்குப் போய்க் கூப்பிட்டது நீங்கள் என்பது நம் வீட்டோடு இருக்கட்டும். நீங்கள் வெளிநாடு போகப்போகிற சமயம், அதற்கு என்னால் ஒரு தடை வரக்கூடாது.

என் நடத்தை பற்றி நீங்கள் எழுதிக் கொடுத்த அரைப் பக்கம் அந்த மனுக் கட்டுக்குள் இருக்கிறதல்லவா, அது எனக்குப் போதும்.

வேறு விசேஷமில்லை.

ஹாஜா மைதீன்


கோலாலம்பூர்
4 ஜனவரி 1958

அன்புள்ள நஜ்மாவுக்கு அஸ்மா மச்சி எழுதுவது,

ஸலாம். இங்கே எல்லாரும் சுகம். மாமிக்கு என் ஸலாம் சொல்லவும். உன் நானாவுக்கு எழுத நேரமே இல்லை, அதனால் நான் எழுதுகிறேன். மார்ச் 14இல் புறப்படுகிறார். குளிருக்குக் கம்பளிக் கோட்டுத் தைக்கக் கொடுத்திருக்கிறோம். அந்த ஊரில் மாசக் கணக்கில் பனிதானாம்.

நஜ்மா, ஒன்று சொன்னால் வருத்தப்படக்கூடாது. சங்கத்து விஷயம், மனு விஷயம் எல்லாம் இனிமேல் கடிதத்தில் எழுத வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். யார் கையில் போகும் என்று தெரியாதல்லவா. அந்தக் கடிதத்தை அவரும் மனசார எழுதவில்லை. எழுதிவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நீ ஹாஜா அண்ணனுக்கு எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்.

பிள்ளைக்குப் பூப்போட்ட கவுன் அனுப்புகிறேன். அளவு சரியா என்று எழுது.

அஸ்மா


காஜா பெராங்
13 ஜனவரி 1958

நானாவுக்கு,

உம்மா சுகம். கவுன் அளவு சரி என்று மச்சியிடம் சொல்லுங்கள்.

எந்தக் கடிதம்?

மச்சி எழுதியதை நாலு தடவை படித்தேன். 'அந்தக் கடிதம்' என்கிறார், எனக்கு முன்பே தெரியும் என்பதுபோல. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பத்தாம் தேதி மச்சானுக்குத் தெரிந்துவிட்டது. மனுவைத் தள்ளிவிட்டார்கள். நற்குணம் உறுதிப்படவில்லை என்று ஒரு வரி. தாளை வாங்கப் போன இடத்தில் கிராணியாக எழுத்து வேலை பார்க்கும் நடராஜன், என்னோடு பள்ளியில் படித்தவன், மச்சானை வெளி வாசல் வரை கூட்டிவந்து சொல்லியிருக்கிறான். "அண்ணே, அந்த ஆள நீங்க கூப்பிட்டதா ஒங்க மச்சானே எழுதிக் குடுத்திருக்காரு. நவம்பர் அஞ்சாம் தேதி போட்ட கடுதாசி. நற்சான்றையும் வாபஸ் வாங்கிட்டாரு. இதுக்கு மேல நாங்க என்னண்ணே செய்றது?"

நவம்பர் ஐந்து. மச்சானைக் கூப்பிட்டு விசாரித்ததற்கு இருபது நாள் முன்னால். உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து அவர் அங்கே பொய் சொன்னபோது, அதே பொய் உங்கள் கையெழுத்தில் அவருக்கு முன்னாலேயே மேசைமேல் கிடந்திருக்கிறது. அதற்குப் பிறகு உட்கார்ந்து உங்களுக்கு ஆறுதல் கடிதமும் எழுதினார். அதைப் படித்தீர்களா?

நடராஜன் சொன்னது பொய் என்று எழுதுங்கள். ஒரு வரி போதும். நான் நம்புகிறேன்.

நஜ்முன்னிசா


கோலாலம்பூர்
8 பிப்ரவரி 1958

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. பொறுமையாகப் படி.

அந்தக் கட்டுரை வெளிவந்ததும் சங்கத்தில் விளக்கம் கேட்டார்கள். விருந்தினரைத் தகாதவரோடு பழகவிட்டது யார் பொறுப்பு என்று கேள்வி எழுந்தது. சங்கமே கலைந்துவிடும் நிலை. விதிமுறைத் தாளில், அழைப்பு எதுவானாலும் அதற்கு வீட்டுக்காரரே பொறுப்பு என்று இருக்கிறது. அந்த விதியின்படி வீட்டுக்காரர் மச்சான். அதைத்தான் குறிப்பிட்டேன். மச்சானே நேரில் அதை ஒப்புக்கொண்டும் இருக்கிறார். ஆகவே நான் எழுதியது தவறு என்று இப்போது சொல்வதில் பொருளில்லை.

நற்சான்று விஷயத்தில் என் பதவி காரணமாக வேறு வழியில்லை. அடுத்த வருடம் மறுபடியும் மனுப் போடலாம். மலாய்ப் பரீட்சை மச்சானுக்கு ஒரு பொருட்டா? அதுவரை நாகூர்ப் பயணம் எதுவும் வேண்டாம் என்று சொல். போனால் திரும்ப வருவதில் சிக்கல் இருக்கலாம்.

ராமச்சந்திரனோடு உறவைக் குறைத்துக்கொள்வது உங்களுக்கு நல்லது.

உம்மாவின் காலுக்கு வேறு தைலம் அனுப்புகிறேன்.

ஷரீஃபுதீன்


காஜா பெராங்
17 பிப்ரவரி 1958

ஷரீஃபுதீன் நானாவுக்கு,

தைலம் வேண்டாம்.

உங்கள் கடிதத்தை மச்சானுக்கு நான் படித்துக் காட்டவில்லை. அவரே கேட்டு வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். மடித்துக் கொடுத்துவிட்டு, "நாகூர்ல வாப்பாவுக்கு முடியலேன்னு தந்தி வந்திருக்கு" என்றார். அப்போதுதான் எனக்கே தெரியும். காலையில் வந்த தந்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாலைவரை ரொட்டி விற்றிருக்கிறார். போகவில்லை. போனால் திரும்ப விடமாட்டார்கள், நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாம் நாள் அடுத்த தந்தி வந்தது. கிழவரை அடக்கிவிட்டார்கள். மகன் இங்கே காஜா பெராங் பள்ளிவாசலில் நின்று தொழுதார். மனு நிறைவேறியிருந்தால் அவர் கப்பல் ஏறியிருப்பார். இந்த ஒரு கணக்கை மட்டும் நீங்கள் எங்கேயும் சுருக்க முடியாது.

ராமச்சந்திரனோடு உறவைக் குறைக்கச் சொல்கிறீர்கள். அவருக்குக் கிடங்கில் வேலை போய்விட்டது. உங்களைத் திட்டுவார் என்று பார்த்தேன். "ஷரீஃப் பயந்தவன் அக்கா. பந்து விளையாடும்போதே கோல் பக்கம் வந்ததும் யாருக்காவது தட்டிவிட்டுவிடுவான்" என்றார். சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

விதிமுறைப்படி வீட்டுக்காரர் பொறுப்பு என்கிறீர்கள். அந்த ஜூன் மாதத் தாளை எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு வரி அதில் இல்லை. பிறகு சேர்த்தீர்களா? சரி, வீட்டுக்காரர்தான் பொறுப்பு என்றே வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். அதையும் எழுதித்தான் அனுப்பினேன். செப்டம்பர் 25ஆம் தேதிக் கடிதம், நாலு பக்கம். நடந்ததை நடந்தபடி எழுது என்று கேட்டு வாங்கினீர்கள். அதில் சாப்பாடு மட்டும் உங்கள் தலைவருக்குப் போனது. மற்றது எங்கே? கிழித்துவிட்டீர்களா, இன்னும் உங்கள் பெட்டியில் இருக்கிறதா?

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். சாதாரண வீடு, சாதாரண மனிதர்கள் என்று நீங்கள் சொன்னதில் நானும் மயங்கிப்போனேன். எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்த அந்த ஒரு பகலை உண்மை என்று நினைத்தேன். உங்களுக்கு அது காட்சி. காட்சி கெட்டுப்போனதும் சுண்ணாம்பு அடிக்காத பக்கத்தில் எங்களைத் தள்ளிவிட்டீர்கள். இப்போது நீங்களே விருந்தாளியாகப் போகிறீர்கள். ஹல்வர்சன் வீட்டு மேசையில் உட்கார்ந்து அவர், "ஹாஜா சுகமா?" என்று கேட்பார். என்ன மொழிபெயர்ப்பீர்கள்?

மேல்முறையீட்டுக்கு மார்ச் 15 வரை நாள் இருக்கிறது. நடராஜனிடம் கேட்டுவிட்டேன். மச்சான் இப்போது மாற்றிச் சொன்னால் செல்லாது, மச்சானைக் காப்பாற்ற மனைவி சொல்கிறாள் என்று என் சொல்லும் செல்லாது. ராமச்சந்திரன் சொல்வதை யார் கேட்பார்கள்? ஹல்வர்சனுக்கு எழுதினேன். அவர் பதில் எழுதிவிட்டார், உங்களைப்போல் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டபோது நீங்கள் தமிழிலும் மலாயிலும் பேசியதால், வேலிக்குப் போனது நீங்கள் என்றாலும் யார் சொல்லிப் போனீர்கள் என்று தமக்குத் தெரியாது, ஊகத்தைச் சாட்சியாக எழுத முடியாது என்கிறார். நேர்மையான மனிதர். அது எங்களுக்கு உதவவில்லை.

ஆக மிஞ்சுவது நீங்கள்தான். உங்களுக்கு என்ன போகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நார்வே போகும். பதவி உயர்வு தள்ளிப்போகும். நீங்கள் மலாக்காவில் பிறந்தவர், நாட்டைவிட்டுப் போ என்று உங்களை யாரும் சொல்ல முடியாது. மச்சானை இனி எந்த நாளும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் நானும் பிள்ளையும் அவரோடு கப்பல் ஏற வேண்டும், அல்லது அவரை மட்டும் அனுப்பிவிட்டு இங்கே நிற்க வேண்டும்.

உம்மாவிடம் சொல்லிவிட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? "அவன் எழுதிக் குடுப்பான், அவன் என் புள்ள" என்றார்கள்.

எழுத வேண்டியது மூன்று வரி. ராமச்சந்திரனை அழைத்தவன் நான். ஹாஜா மைதீன் தடுத்தார். நவம்பர் 5ஆம் தேதி நான் எழுதியது உண்மையல்ல. கீழே கையெழுத்து. பதிவு அலுவலகத்துக்கு நேராக அனுப்புங்கள், எனக்கு வேண்டாம்.

நஜ்முன்னிசா


தந்தி
மலாக்கா, 13 மார்ச் 1958

ஷரீஃபுதீன், கோலாலம்பூர்.

கடிதத்துக்குப் பதில் இல்லை. பதிவு அலுவலகத்துக்கும் ஒன்றும் வரவில்லை. நாளை நீங்கள் புறப்பாடு. மறுநாள் கெடு முடிகிறது. பதில் தந்திக்குக் கட்டணம் இங்கேயே கட்டியாயிற்று. தபாலாபீஸ் மூடும்வரை மச்சானும் நானும் இங்கே நிற்கிறோம். ராமச்சந்திரனை அழைத்தது யார். பெயரை எழுதுங்கள்.

நஜ்முன்னிசா